ஸ்டாம்பு இல்லாத 1912 கவர், மேலே '1 அணா' முத்திரை: யாராவது விளக்க முடியுமா?

#1 ரங்கூன்பேத்தி

வணக்கம். பூர்வீக வீட்டைப் பிரித்தபோது பரணில் ஒரு தகரப்பெட்டி கிடைத்தது. பாதிக்கு மேல் கரையான் தின்றுவிட்டது. மிச்சத்தில் ஒரு கவர் மட்டும் முழுசாக இருக்கிறது. தமிழில் எங்கள் கொள்ளுத்தாத்தா பெயர் எழுதி, கீழே 'மொகல் தெரு, ரங்கூன்'. அவர் அங்கே ஒரு லேவாதேவிக் கடையில் அடுத்தாளாக, அதாவது மேலாளுக்கு அடுத்த நிலை ஆளாக இருந்தவர். தேதி முத்திரையில் தேவகோட்டை, 1912 என்று படிக்க முடிகிறது.

கவரில் ஸ்டாம்பே இல்லை. ஒட்டி உரிந்துபோன தடம்கூட இல்லை. அதற்குப் பதில் '1 அணா' என்று ஒரு முத்திரை. பக்கத்தில் ஊதா மையில் 'ரெஃப்யூஸ்ட்'. பின்பக்கம் நீள்வட்டமாக 'டி.எல்.ஓ.', ஊர்ப்பெயர் கரைந்துவிட்டது. ஓர் ஓரத்தைச் சீராகக் கத்தரித்து, அப்புறம் தாள் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே ஒரு கடிதம் இருக்கிறது. மடிப்பு ஒட்டிக்கொண்டிருப்பதால் பிரிக்கப் பயம்.

தாத்தா ரங்கூனிலிருந்து திரும்பும்போது ஞாபகமாக எடுத்து வந்திருக்கிறார் என்று வீட்டில் எல்லோரும் நினைக்கிறோம். இந்த முத்திரைகளுக்கு என்ன அர்த்தம்?

#2 சும்மாவந்தேன்

ஸ்டாம்பு ஒட்டாமல் ரங்கூன் வரைக்கும் போய்ச் சேருமா? நல்ல காலம்தான் போலிருக்கிறது!

#3 ஓய்வுபெற்றபை

போய்ச் சேரும். காசை அங்கே வாங்குவார்கள், அவ்வளவுதான். நான் தபால் இலாகாவில் 34 வருடம் குப்பை கொட்டியவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஸ்டாம்பு இல்லாமல் போடுகிற கடிதத்துக்கு 'பேரிங்' என்று பெயர். ஊர்ப்பக்கம் 'நாட் பெய்டு' என்பார்கள். அதற்கு விதி, கட்ட வேண்டிய தொகைக்கு இரு மடங்கை வாங்குகிறவரிடம் வசூலிக்க வேண்டும் என்பது. 1912-ல் ஒரு தோலா வரை கடிதத்துக்கு அரை அணா. ஒரு தோலா என்றால் சுமார் பதினொன்றரை கிராம். அரை அணாவின் இரு மடங்கு ஓர் அணா. உங்கள் கவரில் இருப்பது அந்தக் கணக்கு.

ரங்கூனுக்கு எப்படி உள்நாட்டுக் கட்டணம் என்று யாராவது கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். பர்மா 1937 ஏப்ரல் வரை பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதி. தேவகோட்டையிலிருந்து மதுரைக்கும் அரை அணா, கடல் தாண்டி ரங்கூனுக்கும் அரை அணா. அன்றைக்கு உங்கள் ஊர்ப்பக்கம் ரயில்கூடக் கிடையாது. ஓட்டக்காரர் தோளிலோ மாட்டுவண்டியிலோ பை போய், ரயில் ஏறி, சென்னையில் கப்பல் ஏறி ரங்கூன் போயிருக்கும். எல்லாம் அரை அணாவுக்கு.

இப்போது கொஞ்சம் கஷ்டமான விஷயம். அம்மா, அந்தக் கவரைத் தாத்தா ரங்கூனிலிருந்து எடுத்து வரவில்லை. அது தாத்தா கைக்குப் போகவே இல்லை. 'ரெஃப்யூஸ்ட்' என்றால் வாங்க மறுத்துவிட்டார்கள். 'டி.எல்.ஓ.' என்பது 'டெட் லெட்டர் ஆபீஸ்'. வெளியே அனுப்பியவர் விலாசம் இல்லாவிட்டால் அங்கேதான் கவரைப் பிரித்து, உள்ளே யார் எழுதியது என்று பார்த்து, ஒட்டி, அனுப்பியவருக்கே திருப்புவார்கள். அந்தக் கத்தரிப்பும் ஒட்டுத்தாளும் அவர்கள் வேலை. ஆக, அந்தப் பெட்டி எழுதியவருடையது. உங்கள் கொள்ளுப்பாட்டியுடையதாக இருக்கலாம்.

#4 ரங்கூன்பேத்தி

ஐயோ. இதை நான் எதிர்பார்க்கவில்லை. பாட்டிக்கு எழுதத் தெரியாது என்று அத்தை சொல்வார். யாரையாவது வைத்து எழுதியிருக்க வேண்டும். அப்படியானால் கட்டின மனைவியின் கடிதத்தை ஓர் அணாவுக்குப் பயந்து வேண்டாம் என்று சொன்னாரா மனிதர்?

#5 செக்‌ஷன்சாமி

அவசரப்பட்டுத் தாத்தாவைத் திட்டாதீர்கள். சட்டத்தைப் பார்த்துவிட்டுத் திட்டலாம்.

1912-ல் நடைமுறையில் இருந்தது 1898-ஆம் ஆண்டு இந்தியத் தபால் சட்டம், அந்த வருடத்தின் 6-ஆவது சட்டம். அதன் 3-ஆவது பிரிவில் 'பட்டுவாடா' என்றால் என்ன என்று சொல்கிறார்கள். முகவரியாளர் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று இல்லை. அவர் வீட்டிலோ அலுவலகத்திலோ கொடுத்தாலும், அவருடைய வேலைக்காரர், ஏஜெண்டு, வழக்கமாக வாங்கிக்கொள்கிற ஆள் யாரிடம் கொடுத்தாலும் பட்டுவாடா ஆனதாகத்தான் பொருள். வாங்குவதற்கு யாரோ ஒருவர் போதுமென்றால், வேண்டாம் என்று சொல்வதற்கும் நடைமுறையில் யாரோ ஒருவர் போதும்.

மொகல் தெருவில் இருந்தவை கிட்டங்கிகள். ஒரே கூடத்தில் பல கடைக்காரர்கள் ஆளுக்கொரு பெட்டியை வைத்து உட்கார்ந்து தொழில் செய்வார்கள். முதலாளி ஊரில் இருப்பார். இங்கே மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், கடைசியில் எடுபிடிக்குப் பெட்டியடிப் பையன். தபால்காரர் வாசலில் நின்று 'ஓர் அணா' என்றால் யார் கொடுப்பது? அடுத்தாள் அன்றைக்கு வசூலுக்கு வெளியூர் போயிருந்தால், அவருடைய சொந்தக் கடிதத்துக்குக் கடைப்பணத்திலிருந்து ஓர் அணா எடுத்துக் கணக்கில் எழுத எந்த மேலாளுக்கு மனசு வரும்?

11-ஆவது பிரிவின்படி, காசு பாக்கியுள்ள கடிதத்தை வாங்கினால் பணம் கட்டியே ஆக வேண்டும். பிரிக்காமல் அந்தக் கணமே திருப்பிக் கொடுத்தால் தப்பித்துக்கொள்ளலாம். 'வைத்துவிட்டுப் போ, அவர் வந்ததும் தருகிறோம்' என்பதற்கு அந்தப் பிரிவில் இடமில்லை.

#6 சும்மாவந்தேன்

அப்படியானால் பிடிக்காதவனுக்குத் தினம் பத்து வெற்றுக் கவர் ஸ்டாம்பு ஒட்டாமல் அனுப்பி அவனை ஓட்டாண்டி ஆக்கலாமே.

#7 செக்‌ஷன்சாமி

சிரிக்காதீர்கள், இதை யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். அதே 11-ஆவது பிரிவில் ஒரு விலக்கு உண்டு. முகவரியாளரைத் தொந்தரவு செய்யவேண்டும் என்ற கெட்ட எண்ணத்தோடு அனுப்பியது என்று போஸ்ட்மாஸ்டர் ஜெனரலுக்குத் தோன்றினால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யலாம். யாரோ உங்களைப்போல யோசித்துச் செய்து பார்த்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதே பிரிவின் அடுத்த பகுதி நம் கதைக்கு முக்கியம். மறுத்துத் திரும்பி வந்தால், பாக்கியை அனுப்பியவர் கட்ட வேண்டும். அந்த ஓர் அணாவைக் கடைசியில் பாட்டிதான் கட்டியிருப்பார்.

#8 ரங்கூன்பேத்தி

அது வேறா.

#9 பல்முத்திரை

நான் பழைய தபால் உறைகள் சேகரிப்பவன். முதலில் ஒரு வேண்டுகோள்: கவரைத் தண்ணீரில் நனைக்காதீர்கள், நெகிழித்தாளில் லேமினேட் செய்யாதீர்கள். அமிலமில்லாத தாளுக்குள் வைத்துத் தட்டையாக வையுங்கள். ஸ்டாம்பு இல்லாததால் மதிப்பில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தபால் வரலாறு சேகரிப்பவர்களுக்கு இப்படி நாலு முத்திரை வாங்கித் திரும்பி வந்த உறைதான் விருந்து.

பின்பக்கத்தை நன்றாகப் பாருங்கள். அன்றைக்குப் புறப்பட்ட ஆபீசின் தேதி முத்திரை மட்டும் அல்ல, போய்ச் சேர்ந்த ஆபீசின் முத்திரையும் விழும். பெரிய ஊர்களில் அன்றைய எத்தனையாவது பட்டுவாடா என்றுகூட முத்திரையில் இருக்கும். ஒரு நாளில் பல முறை தபால் கொடுத்த காலம். தாமதம் எந்த ஆபீசில் நடந்தது என்பதைக் கவரே காட்டிக் கொடுத்துவிடும். பை கட்டும் நேரத்துக்கு மேல் வந்த கடிதத்துக்கு 'லேட் ஃபீ' என்று கூடுதல் காசு. கட்டாவிட்டால் 'தாமதக் கட்டணம் செலுத்தாததால் நிறுத்தப்பட்டது' என்று ஒரு முத்திரையைக் குத்தி அடுத்த பைக்குத் தள்ளிவிடுவார்கள். அதாவது தாமதம் எங்கள் தப்பு இல்லை என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும்!

#10 ஓய்வுபெற்றபை

சரியாகப் பிடித்தீர்கள். அந்தக் கால விதிகள் பூராவும் இதுதான். வேலை செய்கிறவன் மேல் சந்தேகம், வேலை கொடுத்தவன் மேல் பொறுப்பு இல்லை.

1898 சட்டத்தின் 6-ஆவது பிரிவு: தபால் தொலைந்தால், தப்பான இடத்தில் கொடுக்கப்பட்டால், தாமதமானால், சேதமானால் அரசுக்குப் பொறுப்பில்லை. தானாக ஏற்றுக்கொண்ட அளவுக்குத்தான் பொறுப்பு, அதாவது இன்ஷூர் செய்தது போன்றவை. ஊழியருக்கும், மோசடியோ வேண்டுமென்றே செய்ததோ இருந்தால் ஒழியப் பொறுப்பில்லை என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்துவிட்டு ஆறுதல் அடைந்து 49-க்கு வந்தால் ஆறுதல் போய்விடும். பை தூக்குகிறவன் குடித்திருந்தால், கவனக்குறைவாக இருந்தால், வழியில் சுணங்கினால் 50 ரூபாய் வரை அபராதம். 50: சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் ஒரு மாதம் வரை சிறையும் உண்டு. வேலையை விட்டால் சிறை! 51: போகாத ஊருக்குப் போனதாகவோ கொடுக்காத தபாலைக் கொடுத்ததாகவோ பதிவேட்டில் எழுதினால் ஆறு மாதம். 52: திருடினால், மறைத்தால், அழித்தால் ஏழு வருடம்.

கிராமத்துக்குப் போனதற்கு அத்தாட்சியாக அங்கே ஒருவரிடம் கையெழுத்து வாங்கி வருகிற வழக்கம் என் காலத்திலும் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஆபீசில், ஆறு பெருகி அக்கரைக்குப் போக முடியாத நாளில் 'போகவில்லை' என்று உண்மையை எழுதிய பழைய தபால்காரரிடம் மூன்று முறை விளக்கம் கேட்டார்கள். அடுத்த வெள்ளத்தின்போது அவர் என்ன எழுதினார் என்று நான் சொல்லப்போவதில்லை.

#11 செக்‌ஷன்சாமி

ஐயா, அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் ஒரு பக்கம் மட்டும் சொல்கிறீர்கள். 1854-க்கு முன்னால் எப்படி இருந்தது? 1837 சட்டம் கடிதம் சுமக்கும் ஏகபோகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தது. கட்டணம் எடைக்கும் தூரத்துக்கும் ஏற்ப. கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலாக் கடிதம் ஒரு ரூபாய். சாமானியன் எழுதுவானா? 1850-ல் கமிஷன் போட்டு, அதன் பேரில் 1854 அக்டோபர் 1 முதல் தூரம் பார்க்காமல் கால் தோலாவுக்கு அரை அணா, ஸ்டாம்பு, ஒரு டைரக்டர் ஜெனரல் என்று மாற்றினார்கள். 1869-ல் அரை அணாவுக்கு அரை தோலா, 1907-ல் ஒரு தோலா. 1879 ஜூலையில் கால் அணா கார்டு. ஒரு கார்டு பல நூறு மைல் தாண்டிப் பல கை மாறிப் போக வேண்டுமானால், ஒவ்வொரு கையும் கணக்குச் சொல்லத்தான் வேண்டும். கெடுபிடி இல்லாமல் கால் அணாவுக்கு அந்த நம்பிக்கை கிடைத்திருக்காது.

#12 ஓய்வுபெற்றபை

நம்பிக்கை கிடைத்தது, மறுக்கவில்லை. அதற்கான விலையைக் கொடுத்தது யார் என்றுதான் கேட்கிறேன். புலி நடமாடும் காட்டில் ஈட்டியும் சலங்கையும் பிடித்து ஐந்தாறு மைல் ஓடி அடுத்தவன் தோளுக்குப் பையை மாற்றியவனுக்குச் சட்டத்தில் கிடைத்த இடம் 'சுணங்கினால் அபராதம்'.

#13 நாஞ்சில்காரன்

சலங்கை என்றதும் நுழைந்துவிட்டேன். எங்கள் ஊர் 1956 வரை திருவிதாங்கூர். அங்கே மகாராஜாவுக்குத் தனி 'அஞ்சல்'. மணி கட்டிய கோலோடு அஞ்சலோட்டக்காரர் வருவார், சத்தம் கேட்டால் வழிவிட்டு ஒதுங்க வேண்டும். 1888 முதல் 'சக்கரம்' என்ற திருவிதாங்கூர்க் காசில் விலை போட்ட சங்கு முத்திரை ஸ்டாம்பு. 1951 ஏப்ரல் 1-ல்தான் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. அதுவரை நாகர்கோவிலில் பிரிட்டிஷ் தபாலும் உண்டு, அஞ்சலும் உண்டு. சமஸ்தானத்துக்குள் எழுதினால் அஞ்சல், மதுரைக்கு எழுதினால் தபால். பெட்டி மாற்றிப் போட்டால் அவ்வளவுதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் 'தபால்' என்பதை மாற்றி 'அஞ்சல்' என்று பலகை எழுதினார்களே, எங்கள் ஊர்க் கிழவர்களுக்கு அது புதுச்சொல் இல்லை. அவர்களுக்கு அது பழைய ராஜா ஆபீஸ்.

#14 சும்மாவந்தேன்

இதெல்லாம் சரி, கேள்விக்கு வருவோம். பாட்டி ஏன் ஸ்டாம்பு ஒட்டவில்லை? அரை அணா இல்லாத வீடா?

#15 ரங்கூன்பேத்தி

பெரிய வசதி இல்லை. ஆனால் அரை அணாவுக்கு வழியில்லாத வீடும் இல்லை. ரங்கூன் சம்பளம் வந்துகொண்டிருந்தது.

#16 பல்முத்திரை

இரண்டு காரணம் சொல்லலாம். அந்தக் காலத்தில் ஸ்டாம்புத் திருட்டு ஒரு பெரிய தலைவலி. வேலையாளிடம் கடிதத்தையும் ஸ்டாம்பையும் கொடுத்தனுப்பினால் ஸ்டாம்பு வழியிலேயே காசாகிவிடும். பெரிய கம்பெனிகள் தங்கள் ஸ்டாம்பில் ஊசித் துளைகளால் பெயரெழுத்தைக் குத்தி வைத்ததே இதனால்தான், விற்க முடியாது பாருங்கள். வீட்டுப் பெண்கள் தாங்களே தபால் ஆபீசுக்குப் போகிற வழக்கம் இல்லாத ஊரில் இந்தப் பயம் இன்னும் கூடுதல்.

இரண்டாவது காரணம் சுவையானது. பேரிங் கடிதம்தான் பத்திரம் என்று பலர் நம்பினார்கள். ஸ்டாம்பு ஒட்டியது என்றால் தபால்காரருக்கு வரவேண்டியது எதுவுமில்லை, எங்கேயாவது தூக்கிப் போட்டாலும் யாருக்குத் தெரியும் என்பது அவர்கள் எண்ணம். பேரிங் என்றால் ஆபீசில் அந்தக் கடிதத்தின் பேரில் ஓர் அணா கணக்கு நிற்கும். காசைக் கொண்டுவந்து கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கடிதத்தைத் திருப்பிக் கொண்டுவந்து வைக்க வேண்டும். ஆக, தேடிப்பிடித்துக் கொடுப்பார்கள்.

#17 ஓய்வுபெற்றபை

முட்டாள்தனமான நம்பிக்கை இல்லை. உள்ளே இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சாதாரணத் தபாலுக்கு எங்கும் தனிக் கையெழுத்து கிடையாது. காசு சம்பந்தப்பட்ட ஒவ்வொன்றுக்கும் உண்டு. ரிஜிஸ்தர் கட்டணம் கொடுக்க முடியாதவனுக்குப் பேரிங்தான் ஏழை ரிஜிஸ்தர்.

இந்தக் 'காசோடு வரும் கடிதம்' என்ற யோசனையிலிருந்துதான் வி.பி.பி.யையும் பார்க்க வேண்டும். 1877 டிசம்பரில் வந்தது. சாமானைக் கொடுத்துப் பணம் வாங்கி விற்றவனுக்கு அனுப்புகிற வேலையைத் தபால்காரர் தலையில் கட்டினார்கள். பழைய தமிழ்ப் பத்திரிகை விளம்பரம் எதை எடுத்தாலும் 'வி.பி.யில் அனுப்பப்படும்' என்று இருக்கும். புத்தகம், லேகியம், கடிகாரம் எல்லாம். கேட்காதவனுக்கும் பார்சல் அனுப்பிக் காசு பிடுங்குவார்கள் என்பதால், உண்மையாகவே ஆர்டர் வந்ததன் பேரில் அனுப்புகிறேன் என்று அனுப்புகிறவன் உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் சேர்த்தார்கள். 1880-ல் மணியார்டர் கஜானாவிடமிருந்து தபால் ஆபீசுக்கு வந்தது. கைநாட்டு வைக்கிறவருக்குப் பணம் கொடுத்தால் சாட்சி வேண்டும். சாட்சி கிடைக்காமல் வெயிலில் நின்ற நாட்களை நினைத்தால் இன்றைக்கும் கால் வலிக்கிறது.

#18 கீழத்தெரு

நல்ல இழை. ஆனால் இவ்வளவு நேரமும் எல்லோரும் பட்டுவாடா என்றால் தபால்காரர் வீட்டு வாசலுக்கு வருவார் என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எந்த வீட்டு வாசலுக்கு?

3-ஆவது பிரிவு 'முகவரியாளர் வீட்டில்' என்கிறது. சாதி பார்க்கச் சொல்லவில்லை, உண்மைதான். ஸ்டாம்பின் விலையும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் ஆபீஸ் எந்தத் தெருவில் இருக்கிறது, அந்தத் தெருவுக்குள் யார் கால் வைக்கலாம் என்பதைச் சட்டம் கேட்கவில்லை. பொதுச்சாலை, கிணறு, அரசு அலுவலகம் எல்லாவற்றிலும் தாழ்த்தப்பட்டவர்கள் நுழையலாம் என்று ஒரு தீர்மானத்தை 1924-ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் கொண்டுவர வேண்டியிருந்தது. 1854-லேயே 'எல்லோருக்கும் ஒரே கட்டணம்' வந்துவிட்டது, எழுபது வருடம் கழித்து 'எல்லோரும் நுழையலாம்' என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் தாத்தா கார்டு வாங்குவதற்கு யாரையாவது அனுப்புவாராம். கார்டு கால் அணா, போய் வருகிறவனுக்கு வெற்றிலை தனி.

தபால்காரர் எங்கள் தெரு முனையில் நின்று பெயரைக் கூப்பிடுவார், கடிதத்தை மண்ணில் வைத்துவிட்டு நகர்வார் என்றும் தாத்தா சொல்வார். 51-ஆவது பிரிவின்படி அது 'பட்டுவாடா'வா, இல்லையா? செக்‌ஷன்சாமி சொல்லுங்கள்.

#19 செக்‌ஷன்சாமி

பதிவேட்டில் பட்டுவாடா என்றுதான் எழுதியிருப்பார்கள். வேறு பதில் என்னிடம் இல்லை.

#20 ஓய்வுபெற்றபை

நான் சேர்ந்த காலத்திலும் மிச்சம் இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

#21 நாஞ்சில்காரன்

வேறொன்று. தபாலில் போடாமல் ரங்கூன் போகிறவர் கையில் கொடுத்தனுப்பியிருக்கலாமே பாட்டி? தேவகோட்டைப் பக்கமிருந்து ஆட்கள் போய்க்கொண்டேதானே இருந்தார்கள்.

#22 செக்‌ஷன்சாமி

இதற்குப் பதில் உண்டு. 4-ஆவது பிரிவு கடிதம் சுமக்கிற ஏகபோகத்தை அரசுக்குக் கொடுக்கிறது. ஆனால் விலக்கு வைத்திருக்கிறது: பயணம் போகிற நண்பர் கூலி வாங்காமல் கொண்டுபோய்க் கொடுக்கலாம். சொந்தக் காரியத்துக்கென்றே ஆள் அனுப்பலாம். சரக்கு சம்பந்தப்பட்ட கடிதம் சரக்கோடு போகலாம். அடுத்த பிரிவில் ஒரு முடிச்சு: வாடகை வண்டிக்காரர், கப்பல் கேப்டன் போன்றவர்கள் கூலி வாங்காவிட்டாலும் சுமக்கக் கூடாது, சரக்குக் கடிதம் நீங்கலாக. மீறினால் ஒரு கடிதத்துக்கு 50 ரூபாய் வரை அபராதம். ஆக, கப்பலில் போகிற பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுபோகலாம், கப்பலை ஓட்டுகிறவர் கொண்டுபோகக் கூடாது. நம் ஊரில் பஸ் டிரைவரிடம் கவர் கொடுத்தனுப்புகிற வழக்கம் அந்தச் சட்டப்படி குற்றமாகத்தான் இருந்தது.

#23 சும்மாவந்தேன்

நான் போன மாதம்கூடக் கொடுத்தனுப்பினேன். உள்ளே போட்டுவிடுவார்களா?

#24 செக்‌ஷன்சாமி

தப்பித்தீர்கள். தண்டனைப் பிரிவுகளை 2023-லேயே நீக்கிவிட்டார்கள். புதுத் தபால் சட்டம் 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது, கடிதத்துக்கான ஏகபோகமும் அதில் இல்லை. ஆனால் இரண்டு விஷயம் மட்டும் பத்திரமாக இருக்கிறது: அரசுக்கும் நிறுவனத்துக்கும் பொறுப்பில்லை என்பது, தபாலை வழிமறித்துப் பார்க்கலாம் என்பது.

#25 பல்முத்திரை

வழிமறிப்பது 1898 சட்டத்தின் 26-ஆவது பிரிவு. பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு என்ற வார்த்தைகள் போதும். பாரதி புதுச்சேரியில் இருந்தபோது நடத்திய 'இந்தியா' பத்திரிகை 1910-ல் நின்றுபோனதற்கு, பிரிட்டிஷ் எல்லைக்குள் அது தபாலில் நுழைய முடியாமல் போனது பெரிய காரணம். அச்சடிப்பதை பிரெஞ்சு எல்லைக்குள் தடுக்க முடியவில்லை. சந்தாதாரருக்குப் போகும் பையை மட்டும் நிறுத்தினார்கள், காரியம் முடிந்தது. பழைய பத்திரிகை அட்டையில் 'ரிஜிஸ்டர்டு நம்பர் எம்' என்று ஓர் எண் பார்த்திருப்பீர்கள், 'எம்' என்றால் மெட்ராஸ். சலுகைக் கட்டணத்துக்கான பதிவு அது. சலுகையும் கண்காணிப்பும் ஒரே கவுண்டரில்.

டெட் லெட்டர் ஆபீசில் பிரித்தது இந்தக் கணக்கில் வராது, பேத்தி அவர்களே. அங்கே பிரிக்கிறவர் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். அனுப்பியவர் பெயர், விலாசம் கண்டுபிடிக்க மட்டும்தான் படிக்கலாம்.

#26 ரங்கூன்பேத்தி

எல்லோருக்கும் நன்றி. உங்கள் பேச்சைப் படித்துவிட்டு அத்தைக்குப் பொறுக்கவில்லை. ஒரு நூலகத்தில் பழைய தாள்களைப் பராமரிக்கிற ஒருவரிடம் கொண்டுபோனோம். ஈரப்பதம் காட்டி அரை மணி நேரத்தில் மடிப்பைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

ஒரு பக்கக் கடிதம். பெரியவனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, கிழக்குச் சுவர் மழையில் விழுந்தது, மூன்று வருடக் கணக்கு முடிந்ததும் தாமதிக்காமல் கிளம்ப வேண்டியது. அவ்வளவுதான் விஷயம். அடியில், அதே கையெழுத்தில், கொஞ்சம் நெருக்கி எழுதியிருக்கிறது: 'முன் போட்ட இரண்டு காகிதத்துக்கும் பதில் இல்லை. ஸ்டாம்பு ஒட்டாமல் போட்டால் தவறாமல் கைக்குச் சேரும் என்று வாத்தியார் சொன்னதின் பேரில் இதை அப்படியே போடுகிறேன்.'

பல்முத்திரை சார் சொன்னது அச்சு அசலாக!

#27 பல்முத்திரை

கை நடுங்குகிறது. படம் போடுங்கள்.

#28 ஓய்வுபெற்றபை

வாத்தியார் என்கிறாரா? அந்தக் காலத்தில் சின்ன ஊர்களில் பள்ளிக்கூட வாத்தியாரையே பகுதிநேர போஸ்ட்மாஸ்டராக வைப்பார்கள். மாதம் சில ரூபாய் கூடக் கிடைக்கும். கடிதம் எழுதிக் கொடுத்தவர், பேரிங்காகப் போடச் சொன்னவர், திரும்பி வந்ததும் ஓர் அணா வாங்கிக்கொண்டு கொடுத்தவர் மூவரும் ஒரே ஆளாக இருக்க வாய்ப்பு உண்டு. அவர் முகத்தைப் பாட்டி எப்படிப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

முன்னால் போட்ட இரண்டு கடிதம் என்ன ஆயின? அவற்றுக்கு ஸ்டாம்பு ஒட்டியிருப்பார்கள். பெட்டியில் இல்லை என்றால் திரும்பி வரவில்லை.

#29 கீழத்தெரு

போய்ச் சேர்ந்திருக்கலாம். பதில்தான் வரவில்லையோ என்னவோ.

#30 ரங்கூன்பேத்தி

அத்தையும் அதையேதான் சொன்னார். தாத்தா 1914-ல் திரும்பி வந்தார் என்று மட்டும் தெரியும். அந்தக் கிழக்குச் சுவரை அவர்தான் கட்டினாராம், இந்த முறை வீட்டைப் பிரிக்கும்போது கடைசியாக இடிந்தது அதுதான்.

படம் இன்று இரவு போடுகிறேன். பின்பக்கத்தில் இன்னொரு சின்ன வட்ட முத்திரை இருக்கிறது, எண் மட்டும் தெரிகிறது: 2. அது இரண்டாவது பட்டுவாடாவா?

#31 பல்முத்திரை

பக்கத்தில் 'டெலி' என்று எழுத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஆமாம். தேதி தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.